பாறைக்காலனி பக்கம்

அன்று மாலை கழக்கூட்டம் என்ற ஊரில் எங்கள் வாடகை வீட்டில் என் கணவர் ஆன்சன், பால் விடாத கட்டன்சாயாவை ஆறவிட்டு, மடிக்கணினியில் பட்டாபி மாமாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் கட்டுரை எழுதித் திருத்துகிறவர்கள். வயதுக்காக நாங்கள் மாமா என்று கூப்பிடும் அவர் வலியசாலைக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்குக் கல் உடைக்க வந்த தமிழர்கள் குடியிருந்த பாறைக்காலனியைப் பற்றி ஆன்சன் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவர் பிறந்த இடம். இப்போது அங்கே வீடுகள் இல்லை. ஆதாரம் காட்டாததால் அதை நீக்கலாம் என்று, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் மாமா முன்மொழிந்து ஓட்டும் போட்டிருந்தார்.

"ஆதாரமில்லாம கர்த்தரையே உள்ள விடமாட்டாரு போல உங்க மாமா," என்றேன்.

"அங்க இருந்த சபையோட அஸ்திவாரக் கல்லு இன்னும் கிடக்கு, அதுல காலனி பேரு கொத்தியிருக்கு ராகேல். போட்டோ எடுத்துப் போட்டா மனுஷன் அடங்கிருவாரு, கேட்டியா."

பைக்கில் போனார். படம் எடுத்தார். திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி மோதியது.

போலீஸ்காரர்கள் கொடுத்த கைபேசியில் அந்தக் கல் தெளிவாக இருந்தது. அடக்கம் முடிந்ததும் அவருடைய கணக்கிலிருந்தே படத்தை ஏற்றி, பேச்சுப் பக்கத்தில் "ஆதாரம் சேர்த்துவிட்டேன்" என்று எழுதினேன். அவர் சொல்லவிருந்தது அதுதானே.

ஆனால் அவர் இறந்த செய்தியை மாமா ஏற்கெனவே அங்கே அறிவித்திருந்தார். இறந்தவர் கணக்கை வேறு யாரோ இயக்குகிறார்கள் என்று தளத்தின் நிர்வாகிகள் அதைப் பூட்டினார்கள். படத்தையும் எடுத்துவிட்டார்கள்.

மாமா வீட்டுக்கு வந்தார். "நீதான்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அவன் கணக்குல போடாதேன்னு முன்னாடியே சொல்லியிருப்பேன்."

"இனி என் பேருல போடலாமா மாமா?"

"போடலாம். ஆனா கல்லுல பேருதானே இருக்கு. அங்க யார் இருந்தா, எப்படி இருந்தான்னு இல்லையே. அச்சுல வந்தது ஏதாவது வேணும். நானும் லைப்ரரி லைப்ரரியா தேடிட்டேன், ஒண்ணும் அகப்படலை."

"அப்ப உங்க ஓட்டை மாத்த மாட்டீங்க."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "மாத்தினா அவனே என்னைக் கேலி பண்ணுவான்மா."

கட்டுரை போயிற்று. அதனுடைய பேச்சுப் பக்கமும், அதில் ஆன்சன் மாமாவைக் கிண்டலடித்த வரிகளும் கூடவே போயின. நான் அவற்றைப் படித்து முடித்திருக்கவில்லை.

விழிஞ்ஞத்தைப் பற்றிய பெரிய கட்டுரையில் அவர் சேர்த்த ஒரு வாக்கியத்தை மட்டும் இதுவரை யாரும் தொடவில்லை. அது இதுதான்: "அங்குள்ள கலங்கரை விளக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிறது."