மீசை மட்டும் தெரிந்த வெப்சைட்

ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், வடக்குப்பட்டில் வெங்கடேசன் கட்டிய பெண்கள் விடுதிக்கு மூன்று மாடியும் ஒரு வெப்சைட்டும் உண்டு. இரண்டுக்கும் புதிதாக ஆள் வருவதில்லை.

விடுதியை நடத்துவது அவர் மனைவி அம்சவல்லி. பாதிக் கட்டில்கள் காலி. இந்த மாதத்துக்குள் நிரம்பாவிட்டால் கட்டடத்தை ஓர் உதிரிபாகக் கம்பெனிக்குக் குடோனாக விடுவதென்று வெங்கடேசன் முடிவு கட்டிவிட்டார். விடுதி போனால் அம்சவல்லி வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க அவர் பேச்சைக் கேட்க வேண்டியதுதான்.

ஃப்ளெக்ஸ் வைக்காத காரியம் நடந்ததாகவே கணக்கில்லை என்பது வெங்கடேசனின் கட்சி. அதனால் வெப்சைட் வேலையையும் ஒரகடத்தில் தனக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கும் ரகுவிடமே கொடுத்தார். ரகுவும் விசுவாசமாக ஒரு ஃப்ளெக்ஸையே செய்து இணையத்தில் மாட்டிவிட்டான். நடுவில் கைகூப்பிய வெங்கடேசன், சுற்றிலும் மச்சான்கள், கீழ்மூலையில் விடுதி விவரம். எல்லாம் சேர்ந்து ஒரே படம். தன் ஆபீஸ் சுவரை அடைத்த டிவியில் அதைப் போட்டு, "உலகமே பாக்குது" என்பார், வருகிறவர்களிடம்.

கடையநல்லூரிலிருந்து வல்லம் வடகால் கம்பெனி வேலைக்கு வந்த மதிவதனி, எதிர் விடுதியில் இடமில்லாமல் இங்கே வந்தாள்.

"மொதல்லயே இங்க வர்றதுக்கு இன்னாம்மா?" என்றாள் அம்சவல்லி.

"போன்ல தேடுனேன்க்கா, உங்க ஹாஸ்டல் வரவே இல்ல. இப்ப போர்டப் பாத்து பேரப் போட்டா ஒரு மீசை வருது. ஏதோ கட்சி ஆபீசுன்னுல்லா நெனச்சேன்."

அம்சவல்லி போனை வாங்கிப் பார்த்தாள். திரை முழுக்க மீசையின் இடது பாதி. விலாசத்தைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போனால் வழியெல்லாம் மச்சான்கள்.

உடனே ரகுவை வரவழைத்தாள்.

"அண்ணன் டிவில தான் பாத்தாரு அண்ணி, ஓகேன்னாரு."

"கம்பெனி பஸ்ல வர்ற பொண்ணுங்க டிவிய மடில வச்சிகினா ரூம் தேடும்?"

ரகு தலையைச் சொறிந்தான். "கூகுளே இப்ப போன்ல இன்னா தெரியுதோ அத வச்சித்தான் பாக்குது அண்ணி. படத்துக்குள்ள கீற எழுத்து அதுக்குச் சரியா புரியாது. அத கேட்டா இங்க ஹாஸ்டலே இல்லன்னும்."

"தெரிஞ்சிகினே செஞ்சியா?"

"மச்சானுங்க மூஞ்சிய எடுன்னு அண்ணன்கிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். எடு."

படம் போனது. ஊர், சாப்பாடு, வாடகை, கம்பெனி பஸ் நிற்கும் இடம் எல்லாம் போனில் கண்ணைச் சுருக்காமல் படிக்கும் எழுத்தில் வந்தன. கீழே உள்ள எண்ணைத் தொட்டால் அம்சவல்லிக்கு அழைப்பு போகும்.

டிவியில் பார்த்த வெங்கடேசன் நொந்துபோனார். "இன்னாடி, ரேஷன் கடை போர்டு மாதிரி கீது? நான் எங்க?"

"எதிர்லயே தான கீறீங்க. போதாதா?"

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வெங்கடேசன் புன்னகைத்தார். அதற்கடுத்த வாரம் சாத்தூரிலிருந்து ஓர் அழைப்பு. பிறகு சங்கரன்கோவில். பிறகு ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றுகொண்டே இரண்டு பெண்கள். மாதக் கடைசியில் குடோன் தரகர் சுபாஷ் அளவு டேப்போடு மாடியேறியபோது, ஒவ்வொரு அறையிலும் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

"மெதுவா எறங்குங்க, பொண்ணுங்க முழிச்சிக்கும்" என்று அவரை அனுப்பிவிட்டு, அம்சவல்லி கூடுதலாக அரிசி போடச் சொன்னாள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, காப்பியைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தாள். அப்படிக் குடித்து வெகுநாளாகியிருந்தது.