மாஸ்டர் வரும் வரை

குதிரையே இல்லாமல் குதிரை மேல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் குதிரை நிலை. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி அப்படியே நிற்க வேண்டும். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே தொடை சூம்பிப்போன டெய்லரை, மகள்தான் பிடிவாதமாக இந்தக் கராத்தே வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தாள்.

மாஸ்டருக்கும் அவர் மகள் வயதுதான். கண்டிப்பான பெண். அன்று எல்லோரையும் குதிரை நிலையில் நிறுத்தி, "நான் வர்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

போனவள் வரவேயில்லை.

முதலில் தொடை நடுங்கியது. அப்புறம் எரிந்தது. "இது டெஸ்ட்டுங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு பாக்கறாங்க" என்று கிசுகிசுத்தார் பக்கத்தில் நின்ற பல் டாக்டரம்மா.

"மறந்து வீட்டுக்கே போயிட்டாங்களோ என்னவோ" என்ற கூரியர்க்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். டெய்லர் மட்டும் நின்றார். வீரமெல்லாம் இல்லை, எழுந்தால் தப்பா, நின்றால் அசட்டுத்தனமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நீங்கதான் இன்னும் விழல. போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றார் டாக்டரம்மா.

டெய்லர் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் மாஸ்டர் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"எழுந்துட்டேன்னு கோவிச்சுக்காதீங்க மாஸ்டர்..."

"முட்டி பிடிச்சுக்கிச்சு சார். மடக்க வரல. அப்பப்ப இப்படி ஆகும்."

"கூப்பிட்டிருக்கலாமே!"

"என்னன்னு கூப்பிடறது? கால் பலத்துக்குன்னு உங்களை நிக்க வெச்சிட்டு, நானே..." நீட்டிய காலைத் தட்டிக் காட்டினாள். பிறகு, "எல்லாரும் நிக்கிறாங்களா?"

எந்தப் பதில் அவளுக்கு இதமாக இருக்கும் என்று டெய்லருக்குத் தெரியவில்லை. "பாதி நிக்கிறாங்க" என்று உளறினார்.

"பாதிப் பேரா, பாதி உயரத்துலயா?"

அவருக்கே விளங்கவில்லை. மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"மேல டாக்டரம்மா இருக்காங்களே, கூப்பிடட்டுமா?"

"அவங்க பல்லுக்கு சார்."

"முட்டிக்கு யாரைப் பாக்கணும்னாவது அவங்களுக்குத் தெரியுமில்ல?"

மாஸ்டர் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "சரி, கூப்பிடுங்க" என்றாள்.

அடுத்த வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி வகுப்பெடுத்தாள். முட்டியில் கட்டு. அதைப் பார்ப்பதா, பார்க்காத மாதிரி இருப்பதா என்று புரியாமல் எல்லோரும் தரையைப் பார்த்து நின்றார்கள்.

"தரையில என்ன தேடறீங்க? முதுகு வளையுது, நிமிருங்க!" என்று அதட்டினாள் மாஸ்டர்.