கார் இல்லாத வீட்டுக்கு ஒரு லிஃப்ட்

காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டைப் பற்றித் தனசேகரனுக்கு இப்போது எல்லாம் அத்துப்படி. இரண்டு தூண், நான்கு கை. தூண்களின் தலையை உத்தரத்தால் இணைக்கும் வகை ஒன்று, தரையில் தகடு போட்டு இணைக்கும் வகை இன்னொன்று. முதல் வகைக்குக் கூரை உயரமாக இருக்க வேண்டும். இரண்டாவதற்குத் தரையில் ஒரு மேடு தட்டும், அவ்வளவுதான். வீட்டு மின்சாரத்துக்கு ஒற்றை ஃபேஸ் மோட்டார் போதும். மூன்று மாதமாக, சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைக் கேண்டீனில், எதிரில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அவன் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

எதற்கு வாங்குகிறான் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. அவனிடம் கார் இல்லை.

காரை விற்று ஏழு மாதமாகிறது. சிராங்கூனில் அவனுடைய வீட்டு வாசல் போர்ச் காலியாகக் கிடக்கிறது. மனைவி யாமினி அங்கே துணி காயப்போடுகிறாள். "கார் இல்லாத வீட்டுக்கு யாராவது கார் லிஃப்ட் வாங்குவாங்களா? மூளை கீளை கொழம்பிடுச்சா உங்களுக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள். "வாங்கிப் போடுவோம், இருக்கட்டும்" என்றான். அவள் அழுதாள். அழுகிறாளே என்று டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தான். உள்ளே ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போலத்தான் பத்து மாதமாக இருக்கிறான்; கிள்ளினாலும் தெரியாது.

பத்து மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் போர்ச்சில்தான் அவன் தங்கை சரசுவின் கணவன் செல்வராஜ் செத்துப்போனான்.

செல்வராஜ் ஊபியில் ஒரு கார்ப் பட்டறையில் மெக்கானிக். மச்சான் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால்கூட மச்சான் காரை ஒரு பார்வை பார்க்காமல் சாப்பிட உட்கார மாட்டான். அன்றைக்குச் சைலன்சரில் ஏதோ கடகடவென்று சத்தம். ஜாக்கு போட்டுக் காரைத் தூக்கினான். தூக்கியபின் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்க இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். அது அவனுடைய வேனில் இருந்தது. வேனை நிறுத்த இடம் கிடைக்காமல் இரண்டு தெரு தள்ளி விட்டிருந்தான். "போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவனைத் தனசேகரன்தான் தடுத்தான். "அஞ்சு நிமிஷ வேலை மாப்பிள்ளை. அதுக்குப் போய் அவ்ளோ தூரம் நடக்கணுமா? பிரியாணி ஆறிடும் லா."

நான்காவது நிமிஷத்தில் ஜாக்கு இறங்கிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தனசேகரனின் உத்தியோகம் பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலை ஏழரை மணிக்கு நானூறு பேரை வரிசையில் நிறுத்தி, "தொங்குற பாரத்துக்குக் கீழ நிக்காதே! முட்டுக்கொடுக்காம உள்ள போகாதே! ஜாக்கு தூக்கத்தான், தாங்க இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்துகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் கத்துகிறான். அதற்காக ஒரு கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்பறையில் இருக்கிறது, யாமினி வாரம் ஒருமுறை துடைக்கிறாள்.

"ஸ்டாண்டு ஏன் போடல?" என்று போலீஸ்காரர் கேட்டபோது, "தெரியல, நான் உள்ள இருந்தேன்" என்றான் தனசேகரன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் முந்திக்கொண்டது. யாமினியும் சரசுவும் பின்னால் சமையலறையில் இருந்ததால் மறுக்க ஆளில்லை; பிறகு அதையே எல்லாரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.

சரசுவிடமும் அதைத்தான் சொன்னான். அவள் நம்பினாள். நம்பியதால் என்ன ஆயிற்றென்றால், அவளுக்குத் துக்கத்தைவிடக் கோபம் பெரிதாக வந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தில், வந்தவர்கள் எல்லார் முன்னாலும், "அலட்சியம் பிடிச்ச மனுஷன்! என்னையும் சுஷ்மிதாவையும் ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா ஸ்டாண்டு போட்டிருப்பாரா மாட்டாரா?" என்று கத்தினாள். செல்வராஜின் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு வந்த படத்தை அலமாரியில், சேலைகளுக்கு அடியில், குப்புற வைத்துவிட்டாள். மகள் கேட்டபோது, "உங்கப்பா திமிருல போனாரு" என்று சொல்லி அனுப்பினாள். எல்லாம் தனசேகரனுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்துதான் பார்ப்பான். ஊசி போட்ட வாய் எப்படிப் பேசும்?

உயிரோடு இருந்தபோது செல்வராஜ் மூன்று வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தது இந்த லிஃப்டைத்தான். "போர்ச்சு உயரம் இருக்கு மச்சான், சூப்பரா நிக்கும்." தனசேகரன் ஒப்பவில்லை. வாசலில் இரண்டு தூணை நட்டால் வீடு பட்டறை மாதிரி இருக்கும், அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்றான். இப்போது வாங்கப் போகிறான்.

சனிக்கிழமை காலை லிஃப்ட் விற்கும் முகமது யூசுப் அளவெடுக்க வந்தார். அறுபது வயது, காதில் பென்சில், கையில் லேசர் அளவுக் கருவி. வந்ததும் வராததுமாகக் கேட்டார், "கார் எங்க தம்பி?"

"வித்துட்டேன் பாய்."

"புதுசு எடுக்கப் போறீங்களா?"

"இல்ல."

யூசுப் பாய் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சிங்கப்பூரில் நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவர். வாடிக்கையாளர் பைத்தியமாக இருந்தால் அது அவர் சொந்த விஷயம் என்று தெரிந்தவர். கூரையை அளக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சரசு கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். யாமினிதான் போன் போட்டு வரவழைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. போர்ச்சுக்குள் கால் வைக்காமல் கேட்டருகிலேயே நின்றாள்.

"என்ன அண்ணே பண்ற? அவரு கேட்டப்பல்லாம் வேணாம்னியே. இப்ப யாருக்கு?"

"சும்மாதான் சரசு. பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாத்துக்கிட்டிருக்கியா? அளவெடுக்க ஆளு வந்துட்டாரு!"

தனசேகரன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, தரைத் தகடு வகைதான் நல்லது, தூணின் கைகள் சமமில்லாமல் இருந்தால்தான் கார்க் கதவு இடிக்காமல் திறக்கும் என்று யூசுப் பாயிடம் பேசிக்கொண்டே போனான். அவன் குரல் அவனுக்கே யாரோ பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது.

யூசுப் பாய் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். "அதெல்லாம் சரி தம்பி. முதல்ல கான்கிரீட்டு எவ்ளோ கனம்னு பாக்கணும். ஆறு அங்குலம் இருந்தா நல்லது. இல்லேன்னா போல்ட்டு பிடுங்கிக்கும். ஒரு ஓட்டை போட்டுப் பாக்கட்டா?" என்று சொல்லிக்கொண்டே துணிக்கொடியை ஒதுக்கி, செம்பருத்தித் தொட்டியை நகர்த்தினார். அங்கே நின்றுவிட்டார்.

சிவப்புத் தரை ஓட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வட்டம். அதே சிவப்பில் சிமெண்டு கலந்து அடைத்திருந்தது. உற்றுப் பார்த்தால் ஒழியத் தெரியாது. யூசுப் பாய் எதிர்ப்பக்கம் போனார், டேப்பைப் பிடித்து அளந்தார், செருப்பு அலமாரியை இழுத்தார். அங்கேயும் ஒன்று.

"ஏற்கெனவே யாரோ ஓட்டை போட்டுப் பாத்திருக்காங்களே! தூண் வர்ற எடத்துல, கணக்கா. அட, இது எங்க மாடலோட அளவு!" காதிலிருந்த பென்சிலை எடுத்து நெற்றியில் தட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்துக் மூக்குக்கண்ணாடி வழியாகத் தேடினார். "சிராங்கூன்ல மச்சான் வீடுன்னு ஒருத்தரு கேட்டாரே, ரெண்டு வருஷம் இருக்கும். ஊபில மெக்கானிக். செல்வராஜ்! அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி வீட்டுக்காரரு," என்றான் தனசேகரன்.

"விடாக்கண்டன் தம்பி அவரு," என்று யூசுப் பாய் சிரித்தார். "பத்து தடவ போன் பண்ணிருப்பாரு. ரெண்டு தூணுலயும் தனித்தனியா பூட்டு விழணும், டக்குன்னு ரெண்டு சத்தம் கேக்கணும், ஒரு சத்தம்தான் கேட்டா நான் உள்ள போக மாட்டேன் பாய்னு சொல்லுவாரு. மச்சான் சம்மதிக்கட்டும், அன்னைக்கே ஆர்டர்னாரு. இப்ப எங்க இருக்காரு?"

"செத்துட்டாரு," என்றாள் சரசு. "இங்கதான். ஸ்டாண்டு போடாம காருக்குக் கீழ போனாரு."

யூசுப் பாய் முகம் மாறி, வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு போனையும் தரையில் இருந்த வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரா? ஸ்டாண்டு போடாமலா?" என்றார். "மன்னிச்சுக்கம்மா. எனக்கு நம்ப முடியல."

சரசு அண்ணனைப் பார்த்தாள். சந்தேகமாக இல்லை. 'சொல்லேன் இவரிடம், அப்படித்தான் நடந்தது என்று' என்பது போலத்தான் பார்த்தாள். பத்து மாதமாக அவனை நம்பிய அதே கண்கள். அந்தப் பார்வைக்குத்தான் தனசேகரனால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான்தான் வேணாம்னேன்," என்றான்.

"என்னது?"

"ஸ்டாண்டு எடுக்க வேனுக்குக் கிளம்பினாரு. நான்தான் வேணாம்னேன் சரசு. நான் உள்ள இல்ல. பக்கத்துலதான் நின்னேன்."

பாதுகாப்பு அறிக்கை வாசிப்பது போலவே சொன்னான். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. யாமினி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். யூசுப் பாய் பைக்குள் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார்.

சரசு கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் போர்ச்சுக்குள் வந்து, அவனுக்கு நேர் எதிரில் நின்றாள்.

"என்ன சொன்ன? அன்னைக்குச் சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னான். பிரியாணி ஆறிவிடும் என்றது உட்பட.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

இதை மட்டும் அவன் யாரிடமும், தன்னிடமேகூட, சொல்லிப் பார்த்ததில்லை. "சிரிச்சாரு," என்றான். "'சேஃப்டி ஆபீசரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன'ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனாரு."

சரசு குனிந்து, செம்பருத்தித் தொட்டியின் பக்கம் இருந்த அந்தச் சிவப்பு வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பத்து மாசம் அவரத் திட்டினேன் அண்ணே," என்றாள். "தெனம் திட்டினேன். பிள்ளைகிட்ட என்னவெல்லாம் சொன்னேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் இருந்த."

"இருந்தேன்."

அவள் எழுந்தாள். "சுத்தியல எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தாள்.

டாக்சியைத் தேக்கா கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லிச் சரசு இறங்கி, மாலைக்கடையில் மல்லிகை மாலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். அவன் பணத்தை நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டாள். ஃபேரர் பார்க்கில் அவளுடைய வீடு ஒன்பதாவது மாடி. சுஷ்மிதா வகுப்புக்குப் போயிருந்தாள். சரசு நேராக அலமாரிக்குப் போய், சேலைகளைக் கட்டிலில் அள்ளிப் போட்டு, அடியிலிருந்து படத்தை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். படத்தில் செல்வராஜ் யாரோ எடுத்த ஏதோ ஒரு கல்யாணப் போட்டோவில் இருப்பது போல, பாதி சிரிப்பில் இருந்தான்.

"ஹால்ல மாட்டணும். வர்றவங்க பாக்குற எடத்துல. சாயந்திரம் அவ வந்ததும் நீதான் அவகிட்ட சொல்லணும். எல்லாத்தையும், எங்கிட்ட சொன்ன மாதிரியே."

"சொல்றேன்."

"போலீஸ்லயும் சொல்லணும்."

"திங்கக்கிழமை போறேன்."

நாற்காலியில் ஏறி அவன் ஆணியை அடித்தான். சுவர் கெட்டி, நாலைந்து அடிக்குப் பிறகுதான் இறங்கியது. இறங்கியதும், இருபத்திரண்டு வருஷப் பழக்கம், ஆணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை, பிறகு உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்துக் கீழ்நோக்கி ஒருமுறை. ஆணி அசையவில்லை. ஒரு கிலோகூட இல்லாத படம் அது.

கீழே படத்தை வைத்துக்கொண்டு சரசு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆணிய இவ்ளோ இழுத்துப் பாக்குறியே அண்ணே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் வலித்தது. பத்து மாதம் எங்கே போயிருந்ததோ, நெஞ்சுக்குள் ஒரே அடியாக இறங்கியது. நாற்காலியின் மேல் நின்றபடி, சுத்தியல் ஒரு கையில் இருக்க, தனசேகரன் வாய்விட்டு அழுதான். அவனை அவள் தேற்றவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. அழுது ஓயும் வரை காத்திருந்து, சுத்தியலை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் படத்தை நீட்டினாள்.

சட்டத்தின் கயிறு ஆணியில் சிக்கவில்லை; ஒருமுறை தவறி, கண்ணாடி சுவரில் இடித்தது.

சரசு கிட்டே வந்து, இரண்டு கைகளையும் உயர்த்திச் சட்டத்தின் அடியில் கொடுத்தாள்.

"கீழ நான் பிடிச்சிருக்கேன்," என்றாள். "மெதுவா மாட்டு."

மாட்டினான். கயிறு ஆணியில் உட்கார்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.