கிளாரி இறங்கியாச்சா?

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. போன வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டுப் போன் அடித்தது. அங்கேதான் ஆரம்பம்.

நான் நெவ் ஸ்டாக்டேல். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். வான்படை ஹெலிகாப்டரில், துப்பாக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து வியட்நாமைப் பார்த்தவன். பிறகு வயிற்றுப்பாட்டுக்குத் திகில் நாவல் எழுத வந்தேன். என் நாவல் எல்லாவற்றிலும் வானத்திலிருந்து ஏதாவது விழும். ஜனங்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

முதல் வரியை இப்படிப் போட்டேன்:

‘மேற்கே மேகம் கறுத்துக் கிடக்க, கிளாரி வென்னிங்கின் சின்ன விமானம் தன் கடைசி...’

அடித்துவிட்டேன். பறந்த ஆள் எவனும் ‘கடைசி’ என்ற சொல்லை விமானத்துக்குப் பக்கத்தில் வைக்க மாட்டான். நாவலில் வைப்பேன். இது நாவல் இல்லை.

2

கிளாரி அந்த ஹெலிகாப்டரை ஓட்டியவன். அவன் முன்னால், நான் பின்னால். அவன் கை ஒரு தடவை தவறியிருந்தால் உங்களுக்கு இந்தக் கதை இல்லை. இன்றைக்கும் ஒரு பழைய செஸ்னா விமானம் வைத்துக்கொண்டு பறக்கிறான். இந்த வயதில் பறக்கலாம் என்று எந்த டாக்டர் கையெழுத்துப் போடுகிறார் என்று நான் கேட்பதில்லை.

வியாழக்கிழமை ஜூலியா கிரீக்கிலிருந்து சார்ட்டர்ஸ் டவர்ஸுக்கு, என் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். கிளம்பும்போது, இத்தனை மணிக்குள் இறங்கிவிடுவேன் என்று தேடல் மீட்பு அலுவலகத்தில் சொல்லிவைப்பது எங்கள் வழக்கம். இறங்கியதும் போன் போட்டு, இறங்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

“நெவ், அவசரத்துக்குன்னு கிளாரி உங்க பேரத்தான் குடுத்திருக்கார். அங்க வந்துட்டாரா?” என்றாள் அந்த அலுவலகப் பெண்.

“வரலயேம்மா.”

“அவர் போன எடுக்க மாட்டேங்கறார்.”

“எப்ப எடுத்தான்? பொண்டாட்டி இருந்தப்ப அவ கூப்பிட்டாலே எடுக்க மாட்டான்.”

அவள் சிரிக்கவில்லை.

3

காத்திருக்கும்போது சிலர் நகம் கடிப்பார்கள். என் கை பேனாவைத் தேடிக்கொண்டது.

முடிவு ஒன்று: இடிமேகம். கிழவன் அதைச் சுற்றிப் போகாமல் ஊடே போகிறான். இறக்கை முறிகிறது.

முடிவு இரண்டு: ஒரு தொட்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அடுத்த தொட்டிக்குத் திருப்ப மறக்கிறான். வயதுதான் காரணம்.

முடிவு மூன்று: மாடு தேடிப் போன பண்ணைக்காரன் ஒருவன் புல்லுக்குள் முதலில் பார்த்தது ஒரு தொப்பியை. அதற்குப் பக்கத்தில்...

(இதற்கு மேல் எழுதவில்லை. எழுத மாட்டேன். சிட்னியில் எனக்கு ஒரு எடிட்டர் உண்டு. “உங்க சாவெல்லாம் நம்புற மாதிரி இருக்கு நெவ்” என்று மெச்சியவள். அன்றைக்கு அந்தப் பாராட்டு என் கழுத்தைப் பிடித்தது.)

வானிலை அறிக்கைக்காரர்களை நான் நம்புவதில்லை. அன்று அவர்கள் சொன்ன புயல் சரியாக வந்து நின்றது. அதற்காகவும் அவர்கள்மேல் கோபம்.

4

மறுபடி போன். அதே பெண். குரலில் சிரிப்பு.

“கெடைச்சுட்டார் நெவ். வர்ற வழியில, ரிச்மண்டுல. புயலப் பாத்துட்டு அங்கயே எறங்கிட்டார். போன அணைச்சுப் பைக்குள்ள போட்டவர், அத மறுபடி ஆன் பண்ணவே இல்ல.”

“என்ன பண்ணிட்டிருக்கான்?”

“றெக்கைக்கு அடியில உக்காந்து படிச்சிட்டிருந்தாராம். பெட்ரோல் போடறவர் போய், யோவ், ஊரே உன்னத் தேடுதுன்னிருக்கார். இவர் தலையத் தூக்காம, இரு, இந்தப் பக்கத்த முடிச்சுக்கறேன்னாராம்!”

அவன் படித்தது என் புது நாவலின் பிரதி. பறக்கிற விஷயத்தில் தப்பு இருந்தால் சொல் என்று அனுப்பியிருந்தேன். என் எழுத்து கக்கூஸில் வைக்கத்தான் லாயக்கு என்று என் முதல் புத்தகத்திலிருந்து சொல்லிவருகிறவன்.

5

மறுநாள் காலை வந்தான். முழுசாக. பசியோடு.

“தூங்கிட்டேன்டா,” என்றான், இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தின்மேல் தக்காளி சாஸைக் கவிழ்த்துக்கொண்டே.

“தூங்கினியா?”

“நல்ல நெழலு. கையில உன் நாவல் வேற. தூக்க மாத்திரை எதுக்கு?”

“ஒரு போன் போட்டா கையா தேஞ்சுடும், கிழட்டுப் பயலே?”

“அத விடு. உன் நாவல்ல ஹெலிகாப்டர ஒருத்தன் காத்த முதுகுல வாங்கிட்டு எறக்கறானே, எந்த மடையன் அப்படி எறக்குவான்?”

“நீதான் எறக்குன. பின்னால நான் இருந்தேன்.”

சாஸ் புட்டியை மூடி வைத்தான். “அன்னைக்கு வேற வழியில்ல,” என்றான்.

அந்த இடம் புத்தகத்தில் வெகு தூரம் தள்ளி இருக்கிறது. தூங்கினவன் அங்கே போயிருக்க முடியாது. அவன் தட்டில் இன்னொன்று வைத்தேன்.

6

ஒருத்தன் தாமதமாக வந்தான், அவ்வளவுதானே, இதில் கதை எங்கே என்கிறாள் எடிட்டர். அந்த மூன்று முடிவில் ஒன்றைப் போடச் சொல்கிறாள். போட மாட்டேன். கதை இல்லையென்றால் போகட்டும். பக்கத்து அறையில் அவன் குறட்டை கேட்கிறது. அது போதும் எனக்கு.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அச்சுக்கு முன்னால் கிளாரி படிக்கப்போகிற பிரதியில் இந்தப் பக்கம் இருக்காது. அச்சானதை அவன் தொடுவதில்லை.

கிளாரி கிடைத்துவிட்டான் என்று அந்தப் பெண் சொன்ன பிறகு போனை வைத்தேன். பிரிட்ஜில் முதுகைச் சாய்த்துச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெறும் வீட்டில் அவன் பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. உங்களையும்தான். கிளாரி எந்த ஊர் விமானத் திடலிலும் யாரிடம் வேண்டுமானாலும் பேச்சுக் கொடுப்பான். அவனைப் பார்த்தால் இதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு. நான் சொல்ல மாட்டேன்.