மாமாவுக்கு ஒரு மதர்போர்டு

மாமனார் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டார் என்றால் அந்த வீட்டில் அது பெரிய செய்தி. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்றே வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகு பார்ப்பதற்கு ஜன்னல்தான் மிச்சம். காபி கொடுத்தால் குடிப்பார். கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகளைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஓவர்கிளாக்குன்னு ஒன்னு சொல்றாங்களே, அது நிஜமா?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டார். மருமகள் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் சாமான் கடையில். விற்பது அவள் வேலை இல்லை. பழுது என்று திரும்பி வருகிற சாமான்களை மேசையில் வைத்து, நிஜமாகவே பழுதா, இல்லை வாங்கியவரின் கைவரிசையா என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

"நிஜந்தான் மாமா. கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கிற பிராசஸரைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல ஓட்டுறது."

"ஓடுமா?"

"முக்காவாசி ஓடும்."

"ஓடும்னா கம்பெனிக்காரன் ஏன் குறைச்சுச் சொல்றான்?"

இத்தனை வருஷத்தில் கடைக்கு வந்த ஒருவரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "எல்லாம் ஒரே மாதிரி அமையாது மாமா. இருக்கிறதிலேயே சுமாரானதும் தாங்குற மாதிரி ஒரு வேகத்தைச் சொல்லிடுறாங்க. நம்ம கைக்கு வந்தது எவ்வளவு தாங்கும்னு அவங்களுக்கே தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"ஓட்டிப் பார்க்கிறவங்களுக்கு."

மாமனார் ஜன்னலை மறந்துவிட்டார். அவள் அவரை அப்படிப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அன்று மாலைக்குள் அவர் இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு, "நம்ம வீட்டுலயும் ஒன்னு பண்ணிப் பார்க்கலாமா?" என்றார்.

சமையலறையில் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டே அவளுக்கு எச்சரிக்கை விட்டாள். "உங்க மாமாவை நம்பி எதையும் வாங்கிடாத. நீச்சல் கத்துக்கப் போனாரு. ஒரு மடக்குத் தண்ணி குடிச்சாரு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்துட்டாரு. புல்லாங்குழல் வாங்குனாரு. முதல் நாள் வெறும் காத்துதான் வந்துச்சு, மறுநாள் அது பரண்ல. சூடு கண்ட பூனைகூட இன்னொரு தடவ அடுப்பை எட்டிப் பார்க்கும். இவரு பார்க்க மாட்டாரு."

"சோம்பேறித்தனமா அத்தை?"

"அய்யய்ய, சோம்பேறி இல்ல. வெக்கம். தப்பாயிடுச்சுன்னா அந்தப் பக்கமே போக மாட்டாரு." உரித்த பட்டாணியைப் பார்த்தபடி குரலை இறக்கினாள். "இப்ப ஆசையாக் கேக்குறாரு. இதுவும் தப்பாப் போச்சுன்னா, அப்புறம் எதையுமே கேக்க மாட்டாரு கண்ணு. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

அந்தப் பயம் மருமகளையும் தொற்றிக்கொண்டது. கணவன் வேலை நிமித்தம் பாதி நாள் வெளியூரில் இருப்பவன். வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை மாமனார்தான். அவர் வாயடைத்துப் போனதிலிருந்து அவளுக்கும் வீடு பிடிக்காமல்தான் இருந்தது. பயந்தாலும், செய்து பார்த்துவிடுவது என்றே முடிவு செய்தாள்.

பிராசஸர் பிரச்சினை இல்லை, வேகத்தை மாற்ற இடம் கொடுக்கிற ஒன்று கடையிலேயே கிடைத்தது. மதர்போர்டுதான் பெரும்பாடு. பிராசஸர், மெமரி எல்லாம் வந்து உட்காருகிற பலகை அது. குதிரை எவ்வளவு நல்லதானாலும் தரை வழுக்கினால் விழத்தானே வேண்டும்?

கடையில் விற்பனை பார்ப்பவருக்கு ஜிகினா என்று பட்டப்பெயர். வண்ண விளக்கு மினுக்காத எதையும் அவர் சாமான் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். விஷயத்தைச் சொன்னதும், அலங்காரப் பந்தல்போல் எரிகிற ஒரு போர்டைத் தூக்கிவந்து வைத்தார்.

"இதைக் கொண்டுபோய்க் குடு. பெரியவரு பார்த்ததும் மயங்கிடுவாரு."

"அவரு மயங்க வேணாம்ணே. முழிச்சிருந்தாப் போதும்."

அவள் தன் வழியில் தேட ஆரம்பித்தாள். வேகத்தைக் கூட்டவே விடாமல் பூட்டுப் போட்ட போர்டுகளை முதலில் தள்ளினாள். தெரியாமல் அதை வாங்கிப்போய்விட்டு மறுநாளே சண்டைக்கு வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பிராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி ஊட்டுகிற பகுதி ஒன்று பக்கத்திலேயே இருக்கும். வேகம் கூடினால் முதலில் கொதிப்பது அதுதான். அதன் தலையில் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டி இல்லாதவற்றையும் ஒதுக்கினாள். இந்த அளவுக்கு எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார்.

ஆனால் அவள் மேசைக்கு வருவதெல்லாம் விழுந்த சாமான். எனவே அவள் மனம் ஓடிய திசையும் வேறு. இது எவ்வளவு வேகமாக ஓடும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், விழுந்தால் எப்படி எழுந்திருக்கும் என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை? செத்துவிட்டது என்று திரும்பி வருகிற போர்டுகளில் பாதி சாகவே இல்லை. தாங்க முடியாத வேகத்தை வைத்திருப்பார்கள், திரை கறுத்திருக்கும், பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவரத் தெரியாமல் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்து வந்திருப்பார்கள். அந்த முகங்களை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு முகமாக மாமனாரை நினைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

மிஞ்சியவற்றில் மூன்றை மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் அநியாய வேகத்தை வைத்து, வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தாள்.

ஜிகினாவின் விளக்குப் பந்தல் கறுத்த திரையோடு அப்படியே நின்றது. விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ரகம். திருகைக் கழற்றி, உள்ளே இருக்கும் காசு மாதிரியான பேட்டரியைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. இரண்டாவது போர்டு ஓர் ஆச்சரியம். அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது, எரிந்தது. அவள் கையையே வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பழைய வேகத்துக்குத் தானே இறங்கி வந்து நின்றது. மூன்றாவது பார்வைக்கு ஒன்றுமில்லாத போர்டு. மூலையில் இரண்டு இலக்கம் காட்டுகிற சின்ன விளக்கு, எந்தப் படியில் மாட்டிக்கொண்டது என்று சொல்கிறது. முதுகுப் பக்கம் ஒரு பட்டன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை அமுக்கினால் எல்லாம் அழிந்து பழைய நிலை. அவள் அமுக்கினாள், வந்தது. தேவையே இல்லாமல் மறுபடி கெடுத்து மறுபடி அமுக்கினாள்.

இருந்தாலும் இரண்டாவதைத்தான் எடுத்தாள். அவளுடைய கணக்கு இதுதான்: போர்டே தன்னைச் சரிசெய்துகொண்டுவிட்டால், தப்பு நடந்ததே மாமாவுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் வெட்கம் எங்கிருந்து வரும்? கெட்டிக்காரக் கணக்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போனாள். அதிகம் படித்த கெட்டிக்காரத்தனம் எப்போதும் இப்படித்தான், எதிரே இருக்கும் ஆளை மட்டும் கணக்கில் சேர்க்காது.

சாப்பாட்டு மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி, மாமாவும் மருமகளுமாகக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பூட்டினார்கள். வேகத்தை ஒரு படி ஏற்றுவது, ஓடுகிறதா என்று பார்ப்பது, சூடு பார்ப்பது, மறுபடி ஒரு படி. மாமனார் கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நிதானத்தோடு ஏற்றினார். ஒவ்வொரு படிக்கும், "இதையும் தாங்குதும்மா!" என்று மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மாமியார்கூட வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த படியில் திரை கறுத்தது. விசிறி நின்றது. சுற்றியது. மறுபடி நின்றது.

"ஐயோ, இழுக்குதே!" மாமனார் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"மாமா, இருங்க, அது தானா..."

"போச்சும்மா. கொன்னுட்டேன். விட்டுரு." அவர் யாரையும் பார்க்காமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மருமகள் பிளக்கை மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அணைந்தது, எரிந்தது, அணைந்தது. பிறகு திரை பளிச்சென்று வந்தது. "மாமா, வந்துருச்சு! வந்து பாருங்க!"

அவர் வந்து பார்த்தார். முகத்தில் வெளிச்சமே இல்லை. "நீ ஏதோ பண்ணிட்ட."

"சத்தியமா நான் தொடவே இல்ல. தானா சரியாயிடுச்சு."

"தானாவா?" அவர் திரையைக் கையால் காட்டினார். "கெட்டது ஏன்னும் எனக்குத் தெரியல. சரியானது எப்படின்னும் தெரியல. எல்லாத்தையும் அதுவே பார்த்துக்குதுன்னா, நடுவுல நான் எதுக்கும்மா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். பெட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். இரவுச் சாப்பாட்டின்போது மாமியார் உப்பு சரியா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

தப்பு தன்னுடையது என்று அவளுக்கு அப்போதே புரிந்தது. விழுந்தது தெரியாமல் அவரைத் தூக்கிவிடப் பார்த்தாள். ஏற்கெனவே அந்த மனிதரை எல்லோரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். பேப்பர் மடிக்கு வரும், காபி கைக்கு வரும், அவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. போதாக்குறைக்கு ஒரு போர்டையும் அதே வேலைக்கு அமர்த்தியிருக்கிறாள்! நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் கடையில் போர்டைத் திருப்பி வைத்துவிட்டு அந்த மூன்றாவதைக் கேட்டாள். ஜிகினா சிரித்தார். "தானா எந்திரிக்கிறதை விட்டுட்டு, தூக்கிவிட வேண்டியதை எடுத்துட்டுப் போறியே?"

"தூக்கிவிட எங்க வீட்டுல ஆள் சும்மாதான்ணே இருக்காங்க."

வீட்டில் மாமனாரைக் கூப்பிடவில்லை, கெஞ்சவும் இல்லை. துண்டை எடுத்துவிட்டு, தனியாகவே புதுப் போர்டைப் பூட்டினாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். எல்லாம் ஓட ஆரம்பித்ததும் ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "அத்தை, நான் இப்ப இதைக் கெடுக்கப் போறேன்."

"நல்லா ஓடுறதை எதுக்குடி கெடுக்கணும்?" என்றாள் மாமியார்.

மருமகள் வேகத்தைத் தாறுமாறாக ஏற்றினாள். திரை கறுத்தது. திறந்த பெட்டிக்குள், போர்டின் மூலையில் சிவப்பாக இரண்டு இலக்கம் எரிந்து அப்படியே நின்றது. அவளும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அது என்னம்மா நம்பர்?"

"எந்த இடத்துல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுது மாமா. மெமரிகிட்ட நிக்குது."

"எந்த இடம்னு சொல்லுமா?" அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். "சரி, இப்ப என்ன பண்ணுவ?"

"கரண்ட்டை நிறுத்திட்டு முதுகுல இருக்கிற பட்டனை அமுக்கணும். நீங்க அந்தப் பக்கம்தானே நிக்கிறீங்க?"

அவர் தயங்கினார். பிறகு பிளக்கைக் கழற்றி, பெட்டியின் பின்னால் கையை விட்டுத் தடவி, பட்டனைக் கண்டுபிடித்து அமுக்கினார். தானே பிளக்கை மாட்டினார். இலக்கங்கள் விறுவிறுவென்று மாறின. திரை வந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாமா."

"இவ்வளவுதானா!" என்றார் மறுபடியும். அந்த இரண்டாவது தடவையில் அவர் குரல் வேறாக இருந்தது. மருமகளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உட்காரும்மா" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு அதே வேலை. ஒரு நாள் மாமியாரும் மருமகளும் சமையலறையில் இருந்தபோது கூடத்திலிருந்து ஒரு கூவல்: "செத்துச்சு!"

மாமியார் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். "யாருங்க? யாரு செத்தா?"

"போர்டுதான். இரு, எழுப்புறேன்."

மருமகளும் ஈரக் கையோடு வந்து நின்றாள். காலையில்தான் ஒரு வேகத்தில் நிலையாக ஓடுவதைக் கண்டு, போதும் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். "நல்லாத்தானே மாமா ஓடிட்டு இருந்துச்சு? எதுக்கு அதுக்கு மேல போனீங்க?"

"நல்லாத்தான் ஓடுச்சு." அவர் போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பெட்டியின் முதுகில் கையை விட்டபடி சொன்னார். "ஆனா எங்க விழும்னு தெரியாம, நல்லா ஓடுதுன்னு எப்படிம்மா சொல்றது?"

பட்டனை அமுக்கினார். திரை வந்தது. அதன் வெளிச்சத்தில் அவர் அடுத்த படிக்கு விரலை நீட்டினார். மாமியார் மருமகளின் ஈரக் கையைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு பேருக்குமே கண் கலங்கியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும்," என்றார். "இன்னொரு தடவ விழப்போறேன்."