இடக்கண் ஓரத்து மூன்று கோடுகள்

தூத்துக்குடியில் மீளவிட்டான் பக்கம் இருக்கும் அந்தக் கம்பெனியின் க்ரீமைத் தடவினால் முகத்துச் சுருக்கம் மறையாது. கழன்று வரும். ராத்திரி தடவிக்கொண்டு படுத்தால் காலையில் தலையணையில் சேமியா மாதிரி கிடக்கும். அதைப் பொறுக்கிக் காலி டப்பாவில் போட்டு, வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாக்கடையில் கொட்டக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு தெருக்காரர்கள் கொட்டினார்கள். அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவர் எந்தச் சட்டையைத் தேய்த்தாலும் சுருங்கியே கிடந்தது. பாவம் மனுஷன், வண்டியையே வேறு தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அதிலிருந்து கம்பெனி உஷாராகிவிட்டது. வருகிற டப்பாவைக் கழுவித் திரும்பவும் க்ரீம் அடைப்பார்கள். சுருக்கங்களைத் தரம் பிரிப்பார்கள். கவலைப்பட்டு நெற்றியில் விழுந்ததெல்லாம் விளாத்திகுளம் கரிசலுக்குப் போகும். மழைக்கு முன்னால் காட்டில் விரித்துவிட்டால் போதும்; டிராக்டர் வேண்டாம், டீசல் வேண்டாம், நிலமே சால் சாலாக மடிந்து கொடுக்கும். சும்மா சொல்லக் கூடாது, அதில் விதைத்த உளுந்து கொழித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணோரத்தில் விழுந்ததெல்லாம் கடலுக்குப் போகும். தூத்துக்குடிக் கடல் பிறவியிலேயே அலை குறைந்த கடல், குளத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம். இப்போது சாயங்காலம் முத்துநகர் கடற்கரையில் போய் நின்று பாருங்கள். ஊர் சிரித்த சிரிப்பெல்லாம் வரிசை கட்டி வரும். அடேயப்பா! கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

பொன்செல்வி அந்தக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். எலி, முயல் எதையும் அங்கே தொடமாட்டார்கள். மனுஷ முகம்தான், அதிலும் பாதிப் பாதியாக. இடப்பாதிக்கு க்ரீம், வலப்பாதிக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. ஒரே வெயில் பட்டு, ஒரே தூக்கம் தூங்கி, ஒரே பொண்டாட்டியிடம் ஏச்சு வாங்கின முகம் அல்லவா? இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது க்ரீமின் வேலைதான். புது க்ரீமுக்கு முகம் கிடைக்காமல் போனபோது செல்வி தன் புருஷனையே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தாள். அங்கே எல்லாரும் செய்வதுதான்.

புருஷன் லிங்கதுரை, டவுன் பஸ் கண்டக்டர். அவனுக்கு இடக்கண் ஓரத்தில் மூன்று கோடுகள் இருந்தன. சிரித்தால் விசிறி மாதிரி விரியும். கடைசிக் கோடு மட்டும் வளைந்து கன்னத்துக்கு இறங்கும். மூன்றும் ஒரே வாரத்தில் கழன்று வந்தன. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடலில் போடுவதையும் அந்தக் கம்பெனியில் அளந்துதான் போடுவார்கள். செல்வியே இடுக்கியால் எடுத்து, நீளம் பார்த்து, ஆழம் பார்த்து, டப்பாவில் போட்டு மூடினாள்.

பஸ்ஸில் பெரிய தொந்தரவு இல்லை. இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள், "தம்பி, பழைய பஸ் ஸ்டாண்டு ஒண்ணு" என்றார்கள். வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள், "அண்ணாச்சி" என்றார்கள். அவன் இரண்டு பக்கமும் டிக்கெட் கிழித்தான்.

வீட்டில்தான் வினை. மகள் பூவிழி அப்போதுதான் பேசப் பழகியிருந்தாள். வலப்பக்கத்தைப் பார்த்தால் "அப்பா" என்று தாவுவாள். இடப்பக்கத்தைக் காட்டினால், "மாமா" என்று மரியாதையாகச் சொல்லிக் கையை எடுத்துக்கொள்வாள். இடது தொடையில் உட்காரவைத்தால் வீட்டுக்கு வந்த வேற்றாள் தூக்கின மாதிரி உதட்டைப் பிதுக்குவாள். லிங்கதுரை சுவரோடு ஒட்டி ஒருக்களித்துப் படுத்துத்தான் பிள்ளையைத் தூங்கவைத்தான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் சோதனை முடிந்ததும் யாரையும் பாதி முகத்தோடு அனுப்புவது கம்பெனி வழக்கம் இல்லை. மறுபாதிக்கும் நல்ல க்ரீமைத் தடவிச் சமமாக்கித்தான் விடுவார்கள். வருகிற திங்கட்கிழமை லிங்கதுரையின் முறை.

"வலப்பக்கமும் போச்சுன்னா நான் முழுசா மாமாதான், செல்வி" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.  அவனைக் கூட்டிக்கொண்டு போனவள் செல்விதானே.

அவள் பிரிவின் பெரிய விஞ்ஞானி ஞானப்பிரகாசியிடம் போய் நின்றாள். "மேடம், அவருக்கு மறுபாதி வேண்டாம்."

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், அவ்வளவுதாம்மா. இடப்பக்கத்துக் கோட்டைத் திங்கட்கிழமைக்குள்ள கொண்டு வந்துட்டா ஒட்டிக் குடுத்துருவோம்."

"அது இப்ப எங்க இருக்கு மேடம்?"

"வியாழக்கிழமையே கடலுக்குப் போயிட்டு. நல்ல கோடு செல்வி. அப்படி ஒரு வளைவை நான் பார்த்ததே இல்லை" என்றார் ஞானப்பிரகாசி. அவர் குரல் கோவிலில் பேசுகிறவர் குரல்போல் இறங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் கடற்கரைக்குப் போனார்கள். செல்வி காலி டப்பாவும் அளவுகோலும் கொண்டுபோயிருந்தாள். வெயில் ஊர்ப்பக்கமாக இறங்கிக் கடல்மேல் மஞ்சளாகப் படுத்திருந்தது. அலைகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று பாதி எழும்பி, வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி அமுங்கிப்போனது. அது பக்கத்து வீட்டு டீச்சருடையது, அவர் அப்படித்தான் சிரிப்பார். ஒன்று தூரத்திலிருந்தே குலுங்கிக் குலுங்கி வந்து, வந்த காரியத்தை மறந்து மணலில் உருண்டது. கல்யாண வீட்டில் சிரித்தது, சாவு வீட்டில் அடக்க முடியாமல் சிரித்தது, கடன்காரன் முன்னால் அசடு வழிந்தது, எல்லாம் இருந்தது. ஒரு சிரிப்புகூட வீணாகவில்லை. செல்வி இத்தனை வருஷம் அவற்றை டப்பாவில்தான் பார்த்திருந்தாள். இவ்வளவு பெரிதாக, இவ்வளவு பேராக, ஒன்றன் பின் ஒன்றாக அவை வருவதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள்.

அளவுகோலை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. மயிர் கனத்தில் போனதெல்லாம் உப்புத்தண்ணீர் குடித்து முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. அவள் எடுத்த அளவு இனி எதற்கும் உதவாது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க கழட்டி எடுத்தேன். இப்ப எனக்கே அடையாளம் தெரியலையே" என்று அழுதாள்.

"விடுட்டி. பிள்ளை முன்னால அழாத" என்றான் லிங்கதுரை.

பூவிழி அவனுடைய வலது இடுப்பில் இருந்தாள். கடலையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நீட்டினாள். தூரத்தில், மற்ற அலைகளுக்குப் பின்னால், மூன்று மடிப்பு ஒன்றாக விரிந்து வந்தது. கடைசி மடிப்பு மட்டும் வளைந்து கீழே இறங்கியது.

"அப்பா!" என்றாள் பூவிழி.

சொன்னதுதான் தாமதம், மற்ற அலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டன. லிங்கதுரை பிள்ளையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, ஈர மணலில் மண்டிபோட்டு, இடது கன்னத்தைக் காட்டினான். அலை வந்தது. அவன் முகத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்றது. பிறகு கன்னத்தில் ஏறி உடைந்தது. அது வந்த வழியில் கடல் தாம்பாளம் மாதிரி மட்டமாகக் கிடந்தது.

அவன் எழுந்தபோது இடக்கண் ஓரத்தில் மூன்று கோடுகள் இருந்தன, தண்ணீர் சொட்டச் சொட்ட. பூவிழி இடப்பக்கத்தைத் தொட்டு, "அப்பா" என்றாள். எட்டி வலப்பக்கத்தைத் தொட்டு, "அப்பா" என்றாள். பிறகு இரண்டுக்கும் நடுவில் இருந்த மூக்கைக் கடித்தாள். லிங்கதுரை அழுதான். உப்பு எது கடலுடையது, எது அவனுடையது என்று யார் கண்டது?

திங்கட்கிழமை ஞானப்பிரகாசி லென்ஸ் வைத்துப் பார்த்தார். "சமமாத்தான் இருக்கு. இடப்பக்கம் கொஞ்சம் ஈரம், பரவாயில்லை. நீங்க போய்ட்டு வாங்க தம்பி" என்றார்.

அன்று பஸ்ஸில் யாரோ எதையோ சொல்லப்போக, லிங்கதுரை வாய்விட்டுச் சிரித்தான்; இடக்கண் ஓரத்து மூன்று கோடும் அலையடித்தது. வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது சில்லறையோடு நாலு சாளை மீனும் ஒரு நண்டுக்குஞ்சும் விழுந்தன.

"குஞ்சைக் காலையில கடல்ல விட்டுருங்க" என்று சொல்லிவிட்டுச் செல்வி புளியைக் கரைத்தாள். "நாளைக்கு எங்கம்மா வாராங்க. கொஞ்சம் கூடுதலாச் சிரிச்சுட்டு வாங்க."