பத்திரம் முடியும் வரை

பின்வாசல் கதவைப் பிடியோடு கொஞ்சம் மேலே தூக்கி, தோளால் ஒரு தள்ளு தள்ளிச் சாத்தினார் பஷீர் அகமது. கீல் இறங்கிப்போன கதவு. மகன் பைரோஸ் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான்.

“ஆசாரிய வரச்சொல்லணும். குறையோட வூட்டக் குடுக்கக் கூடாது.”

“இத்தன வருசமா எனக்குச் செய்யாதத வாங்கறவருக்குச் செய்யறீங்களா?” என்றாள் பாத்திமுத்து.

“நீ தூக்கிப் பழகிட்ட. வரப்போற பொம்பளைக்கு இன்னா தெரியும்?”

டீயைக் குடித்துவிட்டுக் கோரைப்பாயில் சாய்ந்தார். தம்ளரை எடுக்க வந்தவள் கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிடும்போதே அவர் போய்விட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கோரைப்பாயைத் தவிர வீட்டில் பெரிதாக எதுவும் இல்லை. முந்தின நாள்தான் சாமான்கள் வேனில் ஏறி சேலத்துக்கு, பைரோஸ் வீட்டுக்குப் போயிருந்தன. வீடு விலை பேசி அட்வான்ஸும் வாங்கியாயிற்று, பத்திரம் மட்டும் பாக்கி. வாங்குகிறவர் சின்னசேலத்து மக்காச்சோள வியாபாரி வீரமணி. ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது, அதற்குள் காலி செய்து கொடுங்கள், பத்திரத்தைப் பிறகு முடித்துக்கொள்வோம் என்று கேட்டிருந்தார். பஷீர் அகமது யோசிக்காமல் சரி என்றார். கல்வராயன் மலைக்காரர்களிடம் கடுக்காயும் புளியும் வாய்ப்பேச்சிலேயே வாங்கி விற்று வாழ்ந்த மனிதர்.

பாத்திமுத்து ஒப்பவில்லை. “கையெழுத்து ஆவாம நான் படி எறங்க மாட்டேன்.” சில நாட்கள் இருவருக்கும் பேச்சில்லை. கடைசியில் பாதி அவர் பக்கம், பாதி அவள் பக்கம் என்று ஆனது. சாமான் போகட்டும். ஆட்கள் ஆடிக்கு முந்தின நாள் வரை இருந்து பார்க்கலாம். அதற்குள்ளும் பத்திரம் முடியவில்லை என்றால் என்ன செய்வது என்பதை இருவரும் பேசாமலே விட்டிருந்தார்கள்.

மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க ஒரு அண்டாகூட வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு மகேஸ்வரிதான் தன் வீட்டு அண்டாவையும் குடங்களையும் கொண்டுவந்து வைத்தாள். “அக்கா, துணி கிணி வேணுமா, சொல்லு,” என்றாள். பாத்திமுத்துவுக்கு எது வேண்டும், எது இல்லை என்றே தெரியவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அவரை முன்வாசல் வழியாகக் கொண்டு போனார்கள். சாமான் இல்லாத வீட்டில் கலிமா ஓதும் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து, சாப்பிட்டவர்கள் பின்பக்கக் குழாயில் கை கழுவினார்கள். வீரமணியும் வந்திருந்தார். கை கழுவியவர் போகாமல் பைரோஸ் அருகில் நின்றார். பாத்திமுத்து வெள்ளைப் புடவையில், ஒருக்களித்த பின்வாசல் கதவுக்குப் பின்னால் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். கணவன் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் அவன் வீட்டுக்குள்ளேயே, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டும்.

“பாய் மாதிரி ஒரு மனுசன் கெடைக்க மாட்டாருங்க தம்பி. சாவு வூடாச்சேன்னு எங்க வூட்ல இழுத்தாங்க. பாய் இருந்த வூட்டுக்கு இன்னா கொறச்சல்னு கேட்டேன்.” வீரமணி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “இப்ப கேக்கக் கூடாதுதான். வாடக வூட்டுக்காரன் காலி பண்ணு காலி பண்ணுன்னு சொல்லிக்கினே இருக்கான். வாரிசு சான்றெல்லாம் வாங்கணும், பத்திரம் லேட்டாவும். அது ஆவறப்ப ஆவட்டும். ஆடிக்கு முன்ன வூட்ட மட்டும் வுட்டீங்கன்னா…”

“அத்தா சொன்ன சொல்லு இருக்குதுங்க,” என்றான் பைரோஸ். “அம்மாவ சேலத்துக்கு இட்டுக்கினு போயிடறேன். கட்டாயம்னா எடம் மாறி இத்தா இருக்கலாம்னு பள்ளிவாசல் அஜரத்து சொல்றாரு.”

சேலத்தில் அவளுடைய கட்டில் இருக்கிறது. பாத்திரங்கள், தொழுகை விரிப்பு, அவருடைய சட்டைகள் எல்லாம் அங்கேதான். அன்றே அவர் சொன்னதற்குத் தலையாட்டியிருந்தால் அவரையும் அங்கேதான் அடக்கியிருப்பார்கள்.

“பைரோஸு.”

கதவுக்குப் பின்னாலிருந்து பாத்திமுத்து கூப்பிட்டாள்.

“அவருகிட்ட சொல்லுப்பா. வூடு அவருக்குத்தான். வேற ஆளுக்குக் குடுக்க மாட்டோம். ஆனா நான் இத்தா முடிச்சிட்டுத்தான் எறங்குவேன்.”

“அம்மா, படுக்க ஒரு கட்டிலுகூட இல்லியேம்மா.”

“தரை இருக்குது.”

வீரமணி மனதுக்குள் மாதங்களைக் கூட்டினார். “கார்த்திகை பொறந்துடுமே. வுட்டா மார்கழி.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “எங்க வூட்ல கேட்டுக்கினு சொல்றேன் தம்பி,” என்றார்.

போகிறபோது, உள்ளே இருப்பவளைத் தன் கண் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவை இழுத்தார். கதவு தரையில் உரசி நின்றது. மறுபடி இழுத்தார்.

பாத்திமுத்து எழுந்து வந்து, உள்பக்கப் பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கினாள். கதவு சாத்திக்கொண்டது.